என் வாயில் இன்னொருத்தியின் குரல்

கீழ்வீட்டுக்காரர் இன்று காலை தன் இரும்புக் கேற்றுக்கு அலுமினியம் பெயின்ட் அடித்தார். வாசனை மாடிப்படி ஏறி வந்து என் சமையலறைக்குள் நின்றது. யன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் போகவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்த வாசனை பட்டால் என் உடம்புக்கு நீங்கள்தான் ஞாபகம்.

உங்களுக்கு நினைவிருந்திருக்காது. நீங்கள் வெளியே குடையின் கீழ் நின்றீர்கள், உள்ளே இருந்தவள் நான். கொழும்பு ஒருகொடவத்தையில் கப்பல் கொன்டெய்னர்களை அடுக்கி வைத்திருந்த ஒரு முற்றம். துருப்பிடித்த ஒன்றைக் கேட்டு வாங்கி, உட்சுவர் முழுவதும் அலுமினியம் பெயின்ட் பூசுவித்திருந்தீர்கள். பெயின்ட் காயுமுன்னே படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டீர்கள். வெளிச்சம் கெட்டுவிடும் என்று ஒரு கதவை மூடச் சொன்னீர்கள். மத்தியான வெயிலில் அந்தத் தகரப் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. நான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். "இன்னும் ஒரு டேக், பிள்ளை. முகம் இப்பத்தான் சரியா இருக்கு" என்றீர்கள்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றக் கதவையும் மூடச் சொல்லியிருந்தால் மூடியிருப்பேன்.

நான் அப்போது கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். தமிழ்த் தட்டச்சு தெரிந்தவள் என்று யாரோ சொல்லி உங்கள் கையெழுத்துப் பிரதி என்னிடம் வந்தது. தொலைக்காட்சியில் தமிழுக்குக் கொஞ்ச நேரமே கிடைத்த காலம். அந்த நேரத்துக்குள் பதின்மூன்று வாரம் ஓடும் ஒரு விஞ்ஞானத் தொடர் செய்யப்போவதாகச் சொன்னீர்கள். ராக்கெட் இல்லை, வேற்றுக்கிரகத்து மனிதர் இல்லை, சண்டை இல்லை. துறைமுகத்தில் இறக்கிய ஒரு கொன்டெய்னரைத் திறந்தால் உள்ளே ஒரு பெண். முந்நூறு வருடம் கழித்து வாழ்கிறவள். அவளுடைய காலத்தில் எங்கள் கொட்டாஞ்சேனையைக் கடல் மூடிவிட்டது. தன் ஆட்கள் குடியிருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கை, எப்படி இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். பதின்மூன்று வாரமும் யாரும் அவளை நம்புவதில்லை, முற்றத்துக் காவல்காரர் ஒருவரைத் தவிர. பேச்சாலேயே நடக்கிற கதை. இப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கும் அதை நான் மறுக்கமாட்டேன்.

பிரதியை அடித்து முடித்துக் கொண்டுவந்து தந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சேர், ஒண்ணு கேக்கவா? முந்நூறு வருஷம் கழிச்சும் ஆக்கள் இப்பிடியா பேசுவாங்க? இது பாடசாலைப் பேச்சுப்போட்டி மாதிரி இருக்குதானே."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்கள் வடக்குத் தமிழில் கேட்டீர்கள். "அப்ப எப்பிடிக் கதைப்பினம்? நீர் சொல்லும் பாப்பம்."

நான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். துறைமுகத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசியாக வேண்டும். அப்படிப் பேசிப் பேசி மழுங்கிய பேச்சுதான் கடைசிவரை தாங்கும். சிங்களமும் இங்கிலீசும் ஒட்டிக்கொண்டு வந்தாலும் தமிழாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு, கொன்டெய்னர் கதவைத் திறந்ததும் அந்தப் பெண் சொல்லும் முதல் வசனத்தை எங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லிக் காட்டினேன்.

"பயப்படாதீங்க, நான் ஒங்க ஆள்தான். வர கொஞ்சம் லேட்டாயிட்டு, முந்நூறு வருஷம்."

நீங்கள் மேசையில் அடித்துச் சிரித்தீர்கள். பிறகு, "நீரே நடியும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள்! வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு கொப்பியோடு. எங்கள் குசினியில் வாங்கைப் போட்டு உட்கார்ந்து, அம்மா பேசுவதையும் துறைமுகத்தில் வேலை செய்த மாமா பேசுவதையும் எழுதிக்கொண்டீர்கள். அம்மா வெட்கப்பட்டார். "நாங்க பேசுறதுல என்னத்த இருக்கு எழுதிக்க?" என்று கேட்டார். "இதுதான் அம்மா உண்மையான தமிழ். நாங்கள் கதைக்கிறது புத்தகம்" என்றீர்கள். அம்மா அன்று உங்களுக்கு இரண்டாம் முறையும் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். அந்த வார்த்தையை அயல் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

போர் நடந்த அந்த வருடங்களில் நாங்கள் பஸ்ஸில் தமிழை அடக்கித்தான் பேசுவோம். பக்கத்தில் இருக்கிறவர் திரும்பிப் பார்த்தால் பேச்சையே நிறுத்திவிடுவோம். அப்படி வளர்ந்த எனக்கு, மைக்கை நீட்டி "சத்தமாச் சொல்லும், உம்மட வீட்டில கதைக்கிற மாதிரிச் சொல்லும்" என்று ஒருவர் கேட்டது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். தெரிந்துதான் கேட்டீர்கள்.

கடைசி நாள் படப்பிடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காவல்காரர் அந்த ஒழுங்கையின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், நான் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கவேண்டும். தையல்கார அன்ரி வீடு. நாய் வளக்கிற வீடு. கப்பல்ல போன மாமா வீடு. எழுதி வைத்த வசனம் முடிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. எங்கள் ஒழுங்கையின் மற்ற வீடுகளையும் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் கட் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களை மன்னிக்க முடியாததற்கு அதுதான் காரணம். என் பேச்சு காதில் ஏறாத ஒருவர் அதை அழித்திருந்தால் விட்டுத்தள்ளியிருப்பேன். நீங்கள் கேட்டவர். கேட்டு அழுதவர்.

முதல் வாரம் ஒளிபரப்பான மாலையில் எங்கள் முன்னறையில் நிற்க இடமில்லை. அம்மா பட்டிஸ் பொரித்து வைத்திருந்தார். கோயிலுக்கு வருகிற பெண்கள், மாமாவின் கூட்டாளிகள், மூலைக் கடை நானாவின் குடும்பம் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். கொன்டெய்னர் கதவு திறந்தது. என் முகம் வந்தது. வீட்டில் ஒரே கைதட்டல். கைதட்டல் அடங்க, நான் வாயைத் திறந்தேன்.

"அஞ்ச வேண்டாம். நான் எதிர்காலத்திலிருந்து வருகிறேன்."

வானொலியில் கேட்டுப் பழகிய ஒரு குரல். மெல்லிசாக, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி உச்சரிக்கிற குரல். அது பேசி முடித்த பிறகும் என் வாய் அசைந்துகொண்டிருந்தது. 'முந்நூறு வருஷம்' என்று அது அசைந்ததை அந்த அறையில் நான் ஒருத்திதான் கண்டேன்.

மாமா எழுந்து போய் டீவியின் பொத்தானைத் திருகிப் பார்த்தார். யாரோ, "செட்டுல பழுதோ?" என்றார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு ஒனக்குத் தடிமனா புள்ள? தொண்ட கட்டியிருந்திச்சா?"

அரை மணித்தியாலமும் நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. முடிந்ததும் எல்லாரும் பட்டிஸை வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருந்தது என்று சொல்லிப் போனார்கள். "நீ அழகா இருந்த" என்று மட்டும் அம்மா சொன்னார். சாகும்வரைக்கும் அந்தக் குரலைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையான தமிழ் என்று நீங்கள் சொன்ன கதையையும் அதன் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். கடலுக்கு இறங்குகிற தெருவில் உங்கள் வீடு. உங்கள் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

"ஒலிப்பதிவு பிழைச்சுப்போச்சு பிள்ளை. லொறிச் சத்தம், காத்து இரைச்சல். ஒண்டும் விளங்கேல்ல. டப் செய்ய வேண்டி வந்திட்டுது" என்றீர்கள்.

"அப்ப என்னையக் கூப்பிட்டு டப் பண்ணியிருக்கலாம்தானே சேர்? நான் தூரத்துலயா இருந்த?"

அப்போது கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி வந்தது. வெள்ளவத்தையில் கோச்சி போனால் யாரும் பேச முடியாது. அது போய் முடியும்வரை நீங்கள் உங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உண்மையைச் சொன்னால் கோவிக்கக்கூடாது" என்று தொடங்கினீர்கள். "எடிட் செய்யேக்க ரெண்டு மூண்டு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினனான். அவையள் சிரிச்சிட்டினம். எங்கட சனம் சிரிக்கும் பிள்ளை. எதிர்காலத்தில இருந்து வாறவள் மீன்கடைப் பெட்டை மாதிரிக் கதைச்சால் ஆர் நம்புவினம்?"

"அப்ப எங்க அம்மா பேசினத என்னத்துக்கு எழுதிக்கிட்டீங்க?"

"அது வேற, இது வேற."

நான் எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை வந்து, "நீர் நடிச்ச நடிப்பை ஒருதரும் குறை சொல்லேல்ல" என்றீர்கள். ஆறுதல் சொன்னதாக நினைத்தீர்களோ என்னவோ!

மிச்சப் பன்னிரண்டு வாரமும் நான் பார்க்கவில்லை. கடைசி வாரத்தில் வீடுகளின் பெயரைச் சொல்லும் இடத்தை நீங்கள் வெட்டி, வீணை இசை போட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தொடர் உங்களை எங்கெல்லாமோ கொண்டுபோனது. விருது, பொன்னாடை, வெளிநாட்டுப் பயணம். ஒருநாள் கந்தோரில் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, விரித்துவைத்த பத்திரிகையில் உங்கள் பேட்டி இருந்தது. மக்களின் இயல்பான பேச்சுத் தமிழைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர முதலில் துணிந்தது நான்தான் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தச் சோற்றைத் திரும்பச் சுற்றிக் கூடையில் போட்டேன்.

அதைவிட மோசம், மறு வருடம் வந்த உங்கள் கடிதம். புதிதாக ஒரு குடும்ப நாடகம் எடுக்கிறீர்களாம். 'வேலைக்காரி பாத்திரம் ஒன்று இருக்கிறது. நகைச்சுவையானது. உமது தமிழ் அதற்கு அப்படியே பொருந்தும்.' அதே தமிழ்தான். முந்நூறு வருடத்துக்குப் பின்னால் போகத் தகுதியில்லாமல் போனது, உங்கள் கதாநாயகியின் கோப்பை கழுவத் தகுதியானது. அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பதிலும் போடவில்லை. பிறகு எந்தக் கமராவின் முன்னும் நான் நிற்கவில்லை.

என் குரல் இருந்த அந்த முதல் டேப்புகளைத் தேடி ஒருமுறை தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனேன். டேப் தட்டுப்பாடு, அதன் மேல் வேறு நிகழ்ச்சிகள் பதிந்தாயிற்று என்று அங்கிருந்த பிள்ளை மரியாதையாகச் சொன்னது. எந்த நிகழ்ச்சி என்று கேட்டேன். அதற்குத் தெரியவில்லை.

உங்களைக் கடைசியாகக் கண்டது நுகேகொடைச் சந்தையில். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மெலிந்திருந்தீர்கள். என்னை அடையாளம் கண்டு, "உம்மட குரல் இண்டைக்கும் என்ர காதில நிக்குது பிள்ளை" என்றீர்கள்.

"எந்தக் குரல் சேர்? என்டதா, அவங்கடதா?"

நீங்கள் சிரித்தீர்கள். மறுபடியும் கேட்டேன். உங்கள் மனைவி, "இவருக்கு ஏலாது, வெயில்" என்று உங்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். மறதி வந்துவிட்டதா, பதில் சொல்ல விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள நான் முயலவும் இல்லை.

உங்கள் செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. முந்தாநாள் உங்கள் மகள் தொலைபேசி எடுத்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "அன்ரி, அப்பாவின்ர முதல் கதாநாயகி நீங்கள்தானே. ஒரு மடல் எழுதித் தாங்கோ. மண்டபத்தில நீங்களே வாசிச்சாலும் நல்லம்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம் பிள்ளை, கட்டாயம் எழுதித் தாறன். அப்பா பெரிய மனுசன். அவர் இல்லையெண்டது எங்களுக்கெல்லாம் பேரிழப்பு" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் குசினியிலிருந்து என் தங்கை எட்டிப் பார்த்தாள். "யாருகூட அக்கா பேசின? டீவில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்திச்சு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, வங்கியில், டொக்டரிடம், உங்கள் பக்கத்து ஆட்கள் யாரோடும் என் வீட்டுப் பேச்சை மறைத்து நான் அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். அம்மாவின் அடக்கத்துக்கு வந்த என் மனேஜரிடம், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் அப்படித்தான் பேசினேன். யாரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் ஒருமுறை செய்ததை அன்றிலிருந்து நானே எனக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த மடலை மலரில் போடமாட்டார்கள். பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வருவேன். மேடைக்குக் கூப்பிட்டால் ஏறுவேன். நீங்கள் அம்மாவுக்குச் செய்ததைச் சொல்லப்போகிறேன், அம்மா பேசியதுபோலவே சொல்லவேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறேன். நேற்று இரண்டு தரம் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் தரம், "வணக்கம், பெரியோர்களே" என்று வந்தது. இரண்டாம் தரம் சரியாக வந்தது. மண்டபத்தில் எது வரும் என்று எனக்குத் தெரியாது. உங்களால் எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். அதைத் தூக்கிக்கொண்டுதான் படி ஏறப்போகிறேன்.