கண்ணாடிக்குள் வராத வெயில்

என் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தெம்பாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாகத் தூங்கி எழ வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. நீ கூப்பிட்டால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், எனக்கு மிஞ்சுவது சாப்பிட்டியா, சரி வை, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பச்சோந்தியைக் கூட்டிப்போக நீ சொல்லியனுப்பிய சிநேகிதி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வீடு முழுக்க ஓணானும் ஆமையும் வளர்க்கிறாளாமே, அம்மா அவளுக்குப் பல்லிக்காரி என்று பெயரே வைத்துவிட்டாள். கையில், காற்றுப் போக ஓட்டை போட்ட ஒரு பெட்டி. ஆன்ட்டிக்கும் அங்கிளுக்கும் சிரமம், நீயே வளர்த்துக்கோன்னு உங்க பொண்ணு சொன்னா என்றாள். நீ நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய். பச்சோந்தியை நீ கொண்டுவந்த அன்றே, நம்ம சொந்தத்துல நிறம் மாறுறவங்க பத்தாதா, இது வேறயா என்று கேட்டவள்தானே உன் அம்மா. ஆனால் பெட்டியைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

நான் பெருமையாகக் கூண்டைக் காட்டினேன். நீ விட்டுப்போன வலைக்கூண்டு நைந்துவிட்டதென்று, நம் கடையில் மிச்சமிருந்த நல்ல கண்ணாடியை நானே வெட்டிப் பெட்டி செய்து உன் அறை ஜன்னலோரம் வைத்திருந்தேன், நாள் முழுக்க வெயில் விழும், போதாததற்கு மேலே ஒரு குண்டு பல்பு. அவள் பார்த்துவிட்டு, அங்கிள், இதுல வெளிச்சமும் சூடும்தான் வரும், வெயில்ல இதுக்கு வேண்டிய யூவிபிங்கிற கதிரைக் கண்ணாடி உள்ள விடாது, அது இல்லேன்னா சுண்ணாம்புச் சத்து எலும்புல சேராது, காலைப் பாருங்க என்றாள். முன்னங்கால் லேசாக வளைந்திருந்தது. கொஞ்ச நாளாகவே மேல் கிளைக்கு ஏறாமல் அடியில் கிடந்தது, நாக்கை நீட்டினாலும் பூச்சி தப்பிவிடும், வயசாகிவிட்டது போல என்று நாங்கள்தான் பேசிக்கொண்டோம். கண்ணாடி வெட்டியே உன்னைப் படிக்கவைத்தவன் நான், எனக்கே இது தெரியவில்லை.

எடுத்துக்கிட்டுப் போம்மா, அதுதான் நியாயம் என்றேன். அப்போது அம்மா ஈரக்கையோடு வந்தாள். இந்த வீட்ல நான் பேசினா தலையைத் திருப்பிப் பாக்குறது இது ஒண்ணுதான், எந்த லைட்டுன்னு சொல்லு, வாங்கிப் போடுறோம் என்றாள். அவள் தினமும் உன் அறைக்குப் போய் அதனிடம் பேசுவது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்ன பேசுவாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. உன்னைப் பற்றித்தான் இருக்கும்.

உடனே நானும் பல்லிக்காரியும் வளர்ப்புப் பிராணிச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சின்ன யூவிபி பல்பை நீட்டினார், அது ஒரு மூலைக்குத்தான் எட்டும், நீளமான டியூப்தான் வேணும் என்று தள்ளிவிட்டாள். பாலைவனப் பல்லிக்கு விற்கிற கடுமையான டியூபும் வேண்டாமாம், பச்சோந்திக்கு நடுத்தரம் போதும். இப்போது புது வலைக்கூண்டு, வலைக்கு மேலே டியூப், ஒரு சாண் தள்ளிக் கிளை, வேண்டாமென்றால் ஒதுங்கிக்கொள்ள இலை நிழல், பொழுது சாய்ந்தால் விளக்கை அணைத்துவிட வேண்டும். கால்நடை மருத்துவரும் மருந்து கொடுத்தார், வளைந்த கால் இனி நிமிராது, மேலும் வளையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பல்லிக்காரி வெறும் பெட்டியோடுதான் திரும்பினாள், நீ கோபித்துக்கொள்ளாதே.

நேற்றுக் காலை அம்மா போட்ட கூச்சலில் பாதி சவரத்தோடு ஓடினேன். அது மேல் கிளையில் உட்கார்ந்திருந்தது, பச்சைப் பசேலென்று. நாங்கள் இருவரும் உன் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ போனபின் அந்தக் கட்டிலில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை.

அங்கே வெயிலே காணோம் என்கிறாய், லீவு நாளிலாவது போர்வையை விட்டு வெளியே வந்து நட. நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்த டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் வருஷம் போனால் கதிர் குறைந்துவிடுமாம், புதுசு மாட்ட வேண்டும். ஸ்டூலில் ஏறினால் எனக்குக் கால் நடுங்குகிறது, அம்மா ஏற விடுவதும் இல்லை. மாட்டுவதற்கு நீ வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும்
அப்பா