ஏழாம் பக்கத்துப் போட்டியாளர்

மறையூர்
14-07-2025

எருத்தேன்பதி மளிகைக்கடை பாவாவுக்கு, மறையூர் வெல்ல மண்டி ஏசுதாஸ் எழுதுவது. நான் சுகம். நீர் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் வியாபாரம். ஓணத்துக்கு முன்னால் உம் ஊரில் கடை போடுவதாக இருக்கிறேன். அடுத்து எலப்புள்ளி, அப்புறம் பாலக்காட்டுச் சித்தூர். கொச்சியில் புது வியாபாரத்துக்கு வழி சொல்வதற்கென்றே ஆபீஸ் வைத்திருக்கும் நிமி என்ற பெண், ஒரு வாரம் உம் பக்கமெல்லாம் சுற்றி இருபது பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார். உருண்டை வெல்லத்தைக் கால் கிலோ பொட்டலமாக்கி முதலில் டீக்கடைகளுக்குச் சும்மா கொடுப்பது. ருசி பழகியதும் பேக்கரி, வைத்தியசாலை. முதல் மூன்று மாதம் உம் விலைக்குக் கீழே விற்பது. போட்டிக்காரனிடமே இதையெல்லாம் சொல்கிற மடையன் உண்டா என்று சிரிப்பீர். சிரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் நீர் வெளியூர் வெல்லத்தைக் கலந்து மறையூர் வெல்லம் என்று விற்றது தப்பு. இன்றைக்கும் தப்புதான் என்பேன். அன்று உம் கடையில் நின்று நான் சத்தம் போட்டபோது உம் மனைவி ஐசும்மா வீட்டிலிருந்து டீ கொண்டு வந்தார். "அண்ணே, டீயக் குடிச்சுட்டுச் சண்டை போடுங்க, ஆறிப்போவுது" என்றார். நான் தொடாமல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வைத்தே உம் நம்பரை அழித்தேன். உமக்கு அனுப்பிவந்த வெல்ல லோடையும் நிறுத்தினேன்.

திட்டத்தின் ஏழாம் பக்கத்தில் 'போட்டியாளரின் பலவீனம்' என்று ஒரு கட்டம். அதில் உம் பெயர். வயது அறுபத்து மூன்று. மகன்கள் துபாயில். மனைவி இறந்து எட்டு மாதம். மாலை நாலு மணிக்கே கடை மூடப்படுகிறது; அதற்குப் பிறகு வரும் கூட்டம் முழுவதும் நமக்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

நிமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாமான் வாங்குகிற மாதிரி வந்து பேச்சுக் கொடுத்தாராம். ஏன் இவ்வளவு சீக்கிரம் சாத்துகிறீர்கள் என்றதற்கு, "நாலு மணிக்கு ஊட்டுல இருந்து டீ வருமுங்க அம்மணி. இப்ப வாரதில்லீங்க. அதுக்கு மேல உக்கார முடியறதில்லீங்க" என்றீராம்.

என் மனைவி கத்தரீனாள் இறந்தபோது நீர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மூன்று நாள் என் கரும்பாலைக் கொட்டகையில் என்னோடு படுத்திருந்தீர். ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு என் வீட்டில் யாரும் தங்கியதில்லை. பொழுது சாய்ந்தால் மண்டியில் வெல்ல உருண்டைகளும் நானும்தான். எனக்காவது அன்றைக்கு நீர் இருந்தீர். உமக்கு நான் இல்லை. ஐசும்மா போன செய்தியை நான் ஒரு வியாபாரத் திட்டத்தில் படித்தேன்.

திட்டம் சரியான திட்டம். நிமியைக் குறை சொல்லமாட்டேன். ஏழாம் பக்கத்தை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டேன். எருத்தேன்பதியில் புதுக்கடை வேண்டாம், உம் கடையே போதும். வெல்லம் நான் அனுப்புகிறேன், கலக்காமல் விற்பது உம் பொறுப்பு. கலந்தால் மறுபடியும் வந்து சத்தம் போடுவேன். உமக்கு இஷ்டமில்லை என்றால் சொல்லும், எலப்புள்ளி, சித்தூரோடு நிறுத்திக்கொள்கிறேன். உம் ஊர்ப் பக்கம் வரமாட்டேன்.

எதுவானாலும் நேரில் சொல்லும். அடுத்த வியாழன் மதியம் மண்டியை அடைத்துவிட்டுப் புறப்படுகிறேன். உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். ஐசும்மாவுக்கு ஆண்டவர் இளைப்பாறுதல் தரட்டும். உமக்குத் தெம்பு தரட்டும். டீ நான் போடுகிறேன். அன்று ஒரு நாள் மட்டும் கடையைச் சாத்திவிடாதீர்.

உம்முடைய
ஏசுதாஸ்