முதலில் கேட்ட கேள்வி

ஸ்ரீரங்கம், 11 மார்ச் 1968

எழுந்ததும் முதல் வேலையாக, சாப்பாட்டு மேசையில் இறைந்து கிடந்த அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினேன். நேற்று அமிர்தத்துக்குப் பாடம். கல்லூரியில் அவள் பௌதிகம் நடத்துகிறாள், நான் கணிதம். போன வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மீரான் சார் கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்கிறோம். இயந்திரத்தை இருவருமே கண்டதில்லை. அட்டைக்கு ஒரு கட்டளையாக எழுதி, வரிசையாக அடுக்குவோம்.

நிபந்தனைக் கட்டளையில் தடுக்கினாள். ‘முப்பத்தைந்துக்கு மேலா? தேர்ச்சி. அடுத்த மாணவிக்குப் போ’ என்பதை முன்னால் வைத்தாள், ‘அறுபதுக்கு மேலா? முதல் வகுப்பு’ என்பதைப் பின்னால். எண்பது வாங்கியவளும் முதல் கேள்வியோடு வெளியேறிவிடுகிறாள். இரண்டாவது கேள்வி அவள்வரை வருவதே இல்லை.

“அய்யய்யோ, ஒருத்திகூட ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்ல! பிரின்ஸிபல் அம்மா என்னைக் கொன்னுடுவாங்க, அக்கா!”

இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றினேன். சரியாகிவிட்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 மார்ச்

கோடையில் சென்னையில் இரண்டு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு. கல்லூரி ஒருவரை அனுப்புமாம். காவிரிப் பாலத்தில் பஸ் திணறிக்கொண்டிருந்தபோது அமிர்தம் என் கையைப் பிடித்தாள். “உங்களை விட்டா யாருக்கா?”

இந்த வயதில் இப்படி ஓர் ஆசை எனக்கு.

2 ஏப்ரல்

நான் இல்லை. அமிர்தம் போகிறாள்.

3 ஏப்ரல்

பிரின்ஸிபலிடமே கேட்டுவிட்டேன்.

“முதல்ல வயசு நாப்பதுக்கு மேலயான்னு பாத்துத் தள்ளி வெச்சிட்டோம். மிச்சப் பேர்கிட்டதான் பாடம் தெரியுமான்னு கேட்டோம். அமிர்தம் சொன்ன யோசனைங்க. அப்ப அவங்க விண்ணப்பம்கூடப் போடல.”

எனக்கு நாற்பத்து மூன்று.

எந்தக் கேள்வியை முன்னால் வைத்தால் யார் வெளியே விழுவார் என்று என் மேசையில் உட்கார்ந்து கற்றவள். அன்று தெரியாமல் வைத்தாள். இப்போது? எப்படிடீ மனசு வந்துது? நான் போட்ட காபியைக் குடிச்சுக்கிட்டேவா யோசிச்சே?

இவர், “விடேன். மெட்ராஸ் வெயில்ல யாரு வதங்கறது?” என்றார்.

6 ஏப்ரல்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பாலக்கரைக்குப் போனேன். மீரான் சார் வாங்கிக்கொள்ளவில்லை.

“வயசு வரம்பா? அப்படி ஒண்ணும் கிடையாதுங்களே! போன வருஷம் அந்த வகுப்புல எம் பக்கத்துல அம்பது வயசுக்காரர் உக்காந்திருந்தார். காலேஜ் அனுப்பணும்னுகூட இல்லீங்க, நீங்களே நேராச் சேரலாம்.”

ஆக, வயசுக் கேள்வியே அவளாக உண்டாக்கியது.

9 ஏப்ரல்

அமிர்தம் வந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“எம்மேல கோபமாக்கா? எல்லாம் கமிட்டி முடிவு. கிளம்பறதுக்குள்ள மிச்சப் பாடத்தையும் சொல்லிக் குடுத்துடுங்க. அங்க போய் முழிக்கக் கூடாது பாருங்க.”

சொல்லிக் கொடுத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

மே மாதம் அதே வகுப்பில் நானும் உட்கார்ந்திருப்பேன். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. அமிர்தம் அங்கே வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.