அழி, சொல், பிறகு கொடு

இன்று காலை பேனாவைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன்; உன் வீட்டுச் சாவி வந்தது. கோலா கெடா மீன் சந்தையில் வாங்கிய நீல வலைக்கயிற்றில் நீயே முடிச்சுப் போட்டுக் கொடுத்த சாவி. கயிற்றில் இன்னும் லேசாகக் கருவாட்டு வாசம். எதிரே மேனேஜர் நின்றிருந்தார். மேசையில் தாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவரே பென்சிலால் ஒரு குறி வைத்திருந்தார். எனக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்மேல் மட்டுமில்லை, உன்மேலும்தான்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் ஆத்திரம் தீரும். பொறுத்துக்கொள்.

நம் கருவி வார்டில் நர்ஸ் உட்காரும் மேசைக்கானது. எல்லாக் கட்டில்களின் இதயத் துடிப்பும் ஒரே திரையில் ஓடும். அதற்குள் எல்லா நிரல்களையும் ஆட்டிவைக்கிற கெர்னலில் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி நம் இருவருடையது. நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும். எந்தக் கட்டிலின் நிரலுக்கு எந்தப் பக்கம் என்று ஓர் அட்டவணையில் வரிவரியாகப் பதிவு இருக்கும். கணினிச் சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்கிற ஒவ்வொரு கோரும் அந்த வரிகளில் அடிக்கடி வேண்டியதை நகலெடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளும், வேகத்துக்காக. அதனால் அட்டவணையில் ஒரு வரியை அழித்தால் மட்டும் போதாது. எல்லாக் கோர்களுக்கும் சொல்ல வேண்டும், அவை தங்கள் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டதாகப் பதில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்தை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கலாம். "அழி, சொல்லு, அப்புறம் குடு. வரிச மாறுச்சுன்னா செத்தோம்லா" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்!

அந்த வரிசையை மாற்றியவள் நான்தான். ஒவ்வொரு முறையும் எல்லாக் கோர்களுக்காகவும் காத்திருந்தால் திரை திக்குகிறது என்று, பக்கத்தை முதலில் கொடுத்துவிட்டுச் சொல்வதைப் பிறகு மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. சோதனை அறையில் நாலாம் கட்டிலுக்கு நின்றுபோன இதயத்தின் நேர்கோட்டைப் போலியாகக் கொடுத்திருந்தோம். ஒன்பதாம் கட்டிலுக்கு நல்ல துடிப்பு. திடீரென்று நாலாம் கட்டிலில் ஒன்பதாம் கட்டிலின் துடிப்பு ஓடியது. எச்சரிக்கை மணி நின்றுபோனது. செத்தவர் திரையில் சௌக்கியமாக இருந்தார்.

மூன்று நாள் தேடினாய். மூன்றாம் நாள் காலை என் மேசைக்கு வந்து நின்றாய்.

"பசியாறிட்டியா?"

"இல்ல."

"போய்ப் பசியாறிட்டு வா. வெறும் வயித்துல திட்டக்கூடாது."

வந்தேன். திட்டினாய். ஆனால் யார் எழுதியது என்று கூட்டத்தில் கடைசிவரை சொல்லவில்லை. வரிசையைச் சரியாக்கினாய். திரை லேசாகத் திக்கியது. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "டெமோல அசிங்கமா தெரியுதும்மா. பழைய மாதிரியே போட்டுடுங்க. எப்பவாச்சும் ஒரு தடவ வர்றதுக்கு ஏன் இவ்ளோ சூசா, இவ்ளோ சிரமம்?" என்றார்.

நீ எழுந்து நின்றாய். செர்டாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள் நீ. அந்தக் கதையைத்தான் சொன்னாய். "எங்களுக்கு லயத்து வரிச வீட்டுல ஒண்ணு குடுத்தாங்க சார். ஆபிஸ்ல கணக்கெழுதுற கிராணி, புத்தகத்துல பழைய ஆளு பேர அடிச்சாரு, எங்கப்பா பேர எழுதுனாரு. பழைய சாவிங்க யாரு யாருகிட்ட இருக்குன்னு கேக்கல. மறுநா மத்தியானம் அம்மா சமைச்சிக்கிட்டு இருக்காங்க, பழைய வீட்டுக்காரரோட தம்பி தன் சாவியப் போட்டுத் தொறந்து உள்ள வந்து, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு எங்க பாயில படுத்துட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல சார். கையில சாவி இருந்துச்சு. அவருக்கு யாரும் சொல்லல."

மேனேஜர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "வார்டுல ஒருத்தர் மூச்சு நின்னு கெடப்பாரு. திரையில இன்னொருத்தர் துடிப்பு ஓடும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாய். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் கருவி வெளியே போகாது. இரண்டாவது ஆள் நான். தப்பு என்னுடையது, சண்டை உன்னுடையது. நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் லீவு போட்டாய். "வீட்ல கொஞ்சம் வேல லா" என்றாய். நம்பினேன். இரண்டு மாதம் ஆனது. செய்தி அனுப்பினால் ஒரே பதில்: "நல்லாருக்கேன். நம்ம ப்ரோகிராமத் தொட விடாத." ஒருமுறை வீட்டுக்கு வரவா என்று கேட்டேன். எஸ்டேட்டில் அம்மாவோடு இருக்கிறேன், வராதே என்றாய். வராதே என்றால் வராமல் இருந்துவிடுவேனா? இருந்துவிட்டேனே!

ஒரு திங்கட்கிழமை உன் நாற்காலியில் நரைத்த மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, இது ஆளிருக்கிற எடம்" என்றேன். அவர் பதறி எழுந்து, "என்னய இங்கதாம்மா உக்காரச் சொன்னாங்க" என்றார். உன் பெயர் கணினியில் இல்லை. மேசையில் உன் தேநீர்க் கோப்பை இல்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது, நீ இறந்துவிட்டாய் என்று. அழித்தார்கள், கொடுத்தார்கள், கடைசியில் சொன்னார்கள். அடச்சீ!

உன் தம்பிக்குப் போன் செய்தேன். புற்றுநோய் என்றான். சனிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டதாம். அந்தச் சனிக்கிழமை நான் ஜித்ராவில் அப்பா கடையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். "அக்கா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுச்சு" என்றான். பிறகு அவனே, "வார்டுல நர்ஸ் மேசைத் திரைய எட்டி எட்டிப் பாக்கும்கா. நாலாம் கட்டில்ல ஓடுறது நாலாம் கட்டிலோடதுதானான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நர்ஸு, நீ கம்முனு படும்மான்னு திட்டுவாங்க" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன். நான் எழுதிய அந்தத் தப்பு வரிசையை மேனேஜர் திரும்பப் போட வைத்துவிட்டார். உன் இடத்துக்கு வந்த அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதியவர், அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மீதி நான்தான். பேனாவுக்குப் பதில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "போட மாட்டேன் சார்" என்றேன். "அன்னிக்கு மீட்டிங்ல சும்மா இருந்துட்டு, இப்பதான் யோசிக்கிறீங்களா?" என்றார். "இத மாத்தி எழுதுனதே நான்தான் சார். அவ சொல்லல, நான் சொல்றேன்" என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த அண்ணனைச் சோதனை அறைக்குக் கூட்டிப் போனேன். நாலாம் கட்டிலுக்கு நேர்கோடு கொடுத்து உட்கார வைத்தேன். லயத்து வீட்டுக் கதையையும் சொன்னேன், உன் அளவுக்குச் சொல்ல வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் செத்தவருக்குத் துடிப்பு வந்தது. அண்ணன் எழுந்து போய்த் தாளை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட்டு வந்தார். நாளைக்கு இருவரையும் மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை போனாலும் போகும். போகட்டும்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராகச் செர்டாங்குக்குக் காடியை விட்டேன். மழையில் ஜித்ரா வரை ஓட்டாதே, இங்கேயே படுத்துக்கொள் என்று நீ சாவி கொடுத்த வாடகை வீடு. வாசலில் குழந்தைச் செருப்புகள். கையில் மாவோடு ஒரு பெண் வந்தாள்.

"யாருக்கா வேணும்?"

"இது இந்த வீட்டுச் சாவி. எங்கிட்ட இருந்துச்சு."

அவள் முகம் மாறியது. "எல்லாச் சாவியும் குடுத்துட்டோம்னு வீட்டுச் சொந்தக்காரங்க சொன்னாங்களே! நீங்க யாருக்கா?"

"முன்ன இருந்தவளோட கூட்டாளி. அவ செத்துட்டா."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவள் சாவியை வாங்கிக்கொண்டு, "உள்ள வந்து பசியாறிட்டுப் போங்கக்கா" என்றாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வந்து காடியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன், கயிற்றைக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது மணிக்கட்டில் கட்டியிருக்கிறேன். நாளைக்கும் இதோடுதான் மேலே போவேன். வரிசையை மாற்ற விடமாட்டேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் இடத்தை விட வேண்டும் என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றவள் நீ. எனக்கு ஏன்டி சொல்லல?