ரேகை வைக்கக் கடைசி நாள்

ஜூலை 8, செவ்வாய்

காலையில் தூறல். திமிரியில் பஸ் ஏறுவதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. ஷூ கம்பெனிக்குப் பத்து நிமிடம் லேட். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

உதவித்தொகை விண்ணப்பம் முக்கால்வாசி முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு, பத்து வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்களாம். நான் விட்டுப் பதினெட்டு வருடம். கிடைத்தால் மீதி இரண்டு வருட ஃபீஸும் அவர்கள் பாடு. கிடைக்காவிட்டால் பி.காம். மறுபடி பாதியில் நிற்கும். கடைசி நாள் 15.

தயார்: பழைய டி.சி., முதல் வருட மார்க் ஷீட், வருமானச் சான்று, கம்பெனி லெட்டர், போட்டோ (கண் மூடியிருக்கிறது, பரவாயில்லை).
பாக்கி: ஆற்காடு இ-சேவை மையத்தில் ஆதாருக்குக் கைரேகை. ஐந்து நிமிட வேலை.

ஜூலை 9, புதன்

ஐந்து நிமிட வேலையாம்.

ஷிஃப்ட் முடிந்ததும் விரலெல்லாம் சொல்யூஷன் பிசுக்கு. ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவி, ஓரத்தை விரலால் மடித்து அழுத்துவது என் வேலை. அழுக்குக் கையோடு போனால் மெஷின் எடுக்காது என்று, தின்னர் ஊற்றி, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தேன். கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் கை கழுவுவோம். கை பளபளவென்று இருந்தது. பெருமையாக ஆற்காட்டில் இறங்கினேன்.

இரண்டு கட்டை விரல், இரண்டு ஆள்காட்டி விரல். மாற்றி மாற்றிப் பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் மெஷினில் சிவப்பு விளக்கு.

மையத்துப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாமா பண்ணீங்க? ரேகையே இல்லியே."

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "இருந்த கொஞ்சத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க. கண்ணு வச்சுப் பார்க்கிற மெஷின் ரிப்பேர்ல இருக்குது. கைக்கு ரெஸ்ட் குடுத்து, எண்ணெய் தடவிட்டு வாங்க."

ரேஷன் கடையில் எப்போதும் இவர்தான் விரல் வைப்பார் (வீட்டுக்காரர்). அதனால் என் ரேகை எப்போது போனது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

சூப்பர்வைசரிடம் கேட்டேன். ஐந்து நாள் மடிப்பு வேலை வேண்டாம், வேறு எது கொடுத்தாலும் செய்கிறேன் என்று.

"ஆர்டர் போய்ட்டிருக்கு கலா. இந்த வயசுல காலேஜ் போயி இன்னா பண்ணப் போற?"

"கணக்குப் படிச்சு உங்க ஆபீஸ் ரூமுக்கு வர்றேன் சார்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நல்ல வேளை, சிரித்துவிட்டார். பக்கத்து மேஜை ஷாஹினுக்கு ஜோடி சேர்க்கும் வேலை. இடதும் வலதும் நிறம் பார்த்து நம்பர் போட வேண்டும். "நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிறோம் சார்" என்றாள். "ஷூ பீஸ் கம்மியாச்சுன்னா ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஷாஹின் என்னைப்போலவே உட்கார்ந்து, இடது கைச் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு மடித்துக் காட்டினாள். "அக்கா, உங்களோட இந்த விரல் மட்டும் மகாராணி. எதையும் தொடாது." மேஜையே சிரித்தது. நான் அப்படியா செய்கிறேன்?

அவள் ரேகையும் போகுமே என்றேன். "ப்ளஸ் டூவோட நின்னவ நான். எனக்கு ரேகை இருந்து இன்னா ஆகப் போவுது?" சாதாரணமாகச் சொன்னாள்.

ஜூலை 11, வெள்ளி

கைக்குத் தேங்காய் எண்ணெய் மூன்று வேளை. துணி துவைக்கவில்லை. இவர் பாத்திரம் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி.

"கையைக் காப்பாத்து. குழம்புல கூட விடாதே" என்றார். போன வருடம் நான் காலேஜில் சேரும்போது ஒரு வாரம் பேசாமல் இருந்த மனிதர்.

வாணலியில் கரி அப்படியே இருக்கிறது. கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 12, சனி

கம்பெனி அரை நாள். மறுபடி ஆற்காடு. அதே நான்கு விரல். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

உதவித்தொகை ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள். ரேகை பதிவாகாமல் விண்ணப்பம் உள்ளேயே போகாதாம், தேதியும் நீட்ட மாட்டார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். முதல் தடவை படிப்பு நின்றது அப்பா படுக்கையில் விழுந்ததால். அதற்கு யாரையும் திட்ட முடியாது. இந்தத் தடவை, வேலை செய்த கை என்பதற்காக நிற்க வேண்டுமா? ஒரு பொறை, ஒரு டீ. முகம் கழுவிக்கொண்டு சத்துவாச்சாரி பஸ் ஏறினேன். சனி, ஞாயிறு காலேஜ் வகுப்பு, இன்று நான்கு மணிக்கு இருக்கிறதே.

ஜூலை 13, ஞாயிறு

வகுப்பு முழு நாள். தேய்மானம் நடத்தினார்கள். மெஷின் வருடா வருடம் தேயும், அதைக் கணக்கில் எழுத வேண்டும். என் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அசைன்மென்ட் 20க்குள். கொடுப்பேன். நாளை மறுநாள் என்ன ஆனாலும் கொடுப்பேன்.

ஜூலை 14, திங்கள்

மையத்துக்குப் போகவில்லை. கைக்கு இன்னொரு நாள் ரெஸ்ட். ஜோடி சேர்த்ததில் இரண்டு நம்பர் தப்பு, ஷாஹின் சத்தமில்லாமல் திருத்தினாள். அவள் கட்டை விரல் சிவந்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

அரை நாள் லீவு. வெயில். மையத்தில் எனக்கு முன்னால் ஒன்பது பேர்.

வலது கட்டை: சிவப்பு. இடது கட்டை: சிவப்பு. ஆள்காட்டி இரண்டும் சிவப்பு. "போதும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள் மையத்துப் பெண்.

"ஆறு விரல் பாக்கி இருக்குதும்மா. பத்தும் பார்க்காம எந்திரிக்க மாட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெரியவர்: "வைக்கட்டும்மா. நமக்கு இன்னா அவசரம்."

நடு விரல் இரண்டு, மோதிர விரல் இரண்டு, வலது சுண்டு விரல். ஐந்தும் சிவப்பு. கடைசியாக இடது சுண்டு விரல்.

பச்சை.

அந்தப் பெண்ணே கை தட்டினாள். நான் விரலைப் பார்த்தேன். சின்ன வயதில் இருந்த மாதிரியே கோடு கோடாக, ஒரு கீறல் இல்லாமல்.

மதியம் 2.40க்கு விண்ணப்பம் உள்ளே போனது. ரசீது மார்க் ஷீட்டோடு இருக்கிறது. கிடைக்குமா தெரியாது. கிடைத்தால் வருடா வருடம் ரேகை வைக்க வேண்டுமாம், அதே விரல்.

ஷாஹினுக்குப் போன் செய்து, மகாராணி விரலுக்குத்தான் பச்சை என்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, "உன் ப்ளஸ் டூ மார்க் ஷீட் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "பீரோவுலதான்க்கா" என்றாள்.

நாளையிலிருந்து மடிப்பு மறுபடி எனக்கு. ஷாஹின் கை கழுவத் தின்னர், உப்புத்தாள் இரண்டும் கூடாது என்று சொல்ல வேண்டும். என் சுண்டு விரலை இன்னும் இரண்டு வருடம் தூக்கியே வைக்க வேண்டும்.