கேந்தி வேரும் முற்றத்து வெயிலும்

நவம்பர் 6, வியாழன்
விடாத மழை. நாகர்கோவிலில் கல்லூரிக்கு விடுமுறை. மகள் ஜெனி ஆராய்ச்சித் தட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். வாழைப்பழக் காம்பை அழுக வைக்கும் பூஞ்சை, அதோடு கேந்தி என்கிற துலுக்கச் சாமந்திச் செடியின் வேர்ச்சாறு. பாதித் தட்டுகள் ஊதா விளக்கின் கீழ். மீதி கறுப்புத் துணி சுற்றி அலமாரியில்.

"இருட்டுல அந்தச் சாறு சும்மா கெடக்கும்பா. வெளிச்சம் பட்டாத்தான் பூஞ்சையக் கொல்லும்."

தீக்குச்சி மாதிரி. உரசும்வரை வெறும் குச்சி.

முன்பு செய்தபோதெல்லாம் இரண்டிலும் ஒரேபோல வளர்ந்துவிட்டது. இம்முறையும் அப்படியென்றால் தலைப்பையே மாற்றச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர்.

நவ. 7, வெள்ளி
மழை விட்டது. முற்றத்தில் கழுவித் துடைத்த வெயில். மின்கட்டணம் கட்ட மறந்தேன். சற்றே கண்ணயர்ந்தேன். கனவில் ஒரு கேந்தி வயல். பூக்கள் மண்ணுக்குள், வேர்கள் மேலே வெயில் காய்ந்துகொண்டு. விழித்தால் அக்காவின் ஜெபக் குரல். சபைப் பெண்கள் முற்றத்தில். நடுவே நாற்காலியில், அலமாரியில் இருந்த தட்டுகளில் ஒன்று, துணி அவிழ்த்து. அதில் பாதியை மறைத்தபடி அக்காவின் வேதப்புத்தகம்.

"பிள்ளைக்க ஆராய்ச்சிக்குத்தாம்லே ஜெபிச்சோம். துணிக்குள்ள பொதிஞ்சு வச்சா ஆசீர்வாதம் எறங்குமா?"

அக்கா ஜெபம் தொடங்கினால் அடுப்பில் சோறு குழைந்துவிடும். ஜெனி, "ஒரு தட்டு போச்சு" என்றாள்.

நவ. 9, ஞாயிறு
ஆராதனைக்கு முன் பார்த்தோம். விளக்கின் கீழ் இருந்தவை: பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. இருட்டில் இருந்தவை: அதே பஞ்சு. ஜெபத் தட்டில் மட்டும் புத்தகம் மறைத்த பக்கம் பஞ்சு, வெயில் பட்ட பக்கம் தெளிந்த கண்ணாடி. குளத்தில் விழுந்த அரை நிலா.

"கர்த்தர் கேட்டுட்டாரு பாத்தியா!"

"பாதிதான் கேட்டிருக்காரு அத்தே." ஜெனி சிரித்துவிட்டாள். பிறகு என்னிடம், "விளக்குதாம்பா சொத்த. வெயில் போல அதுக்கு வலு இல்ல." மறுபடி அக்காவிடம், "எவ்வளவு நேரம் ஜெபிச்சிய?"

"ஏட்டி, அத எவளாவது மணி பாத்துட்டா செய்வா?"

நவ. 10, திங்கள்
நல்ல வெயில். புதிய தட்டுகள் முற்றத்தில் வரிசையாக. சாறு கலந்தவை, கலக்காதவை. எல்லாவற்றிலும் பாதியை மறைத்துக் கறுப்பு அட்டை. வேதப்புத்தகம் கேட்கவில்லையே என்று அக்காவுக்கு வருத்தம். காக்கை விரட்ட நான்.

நவ. 13, வியாழன்
சாறு கலக்காதவை முழுக்கப் பஞ்சு. கலந்தவை எல்லாம் அரை நிலா. பேராசிரியரிடம் காட்ட, ஜெனி தலை சீவாமலே தட்டுகளோடு பஸ்ஸுக்கு ஓட்டம். பின்னால் சீப்போடு அக்கா.