உட்கார்ந்த கண்ணுக்கு ஒரு மரவீடு

நகோயா,
5-2-1968

அன்பே பவுலினா,

நலம். இங்கே பனி கொட்டுகிறது. விரல் பேனாவைப் பிடிக்க மறுக்கிறது. பெங்களூர்க் கம்பெனி அனுப்பிய பயிற்சி முடிந்ததும் ஈஸ்டருக்கு வந்துவிடுவேன். அண்ணன் குடும்பத்தோடு ஒரே அடுப்பில் நீ படும் பாடு போதும். கொல்லையில் நம் இருவருக்கும் ஒரு சின்ன மரவீடு கட்டுவோம்.

இத்துடன் வீட்டுப் படம் வைத்திருக்கிறேன். ஜப்பான் வீடுபோலச் சாரல் அண்டாதபடி கூரை சுவரைத் தாண்டி நீளும் இறவாணம், காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. நம் ஊர்போலக் கல்தூண் மேல் தளம், நாட்டு ஓடு. தாழ்ந்த ஜன்னலில் காற்று நுழைந்து, கூரையடி இடைவெளியில் சூடு வெளியேறும். தச்சர் கங்கப்பனிடம் உடனே காட்டு.

உன்
யேசுராஜ்

மத்திகிரி,
26-2-1968

அன்புள்ள அத்தானுக்கு,

காகிதக் கதவா! நம் வீட்டு ஆட்டுக்கு ஒரு வேளைத் தீனி. ஆடு விட்டாலும் மார்கழி மூடுபனி விடாது. மூங்கில் தட்டியில் தள்ளுகதவு செய்யலாம் என்கிறார் கங்கப்பன். தேன்கனிக்கோட்டையிலிருந்து வேங்கை மரம் வந்து இறங்கிவிட்டது. உங்கள் அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. எந்தக் கப்பலில் வருகிறீர்கள்?

உங்கள்
பவுலினா

நகோயா,
20-3-1968

பவுலினா,

தட்டி சரி. ஜன்னலை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. தளத்திலிருந்து ஒன்றரை அடி. நான் குடியிருக்கும் வீட்டில் பாயில் உட்கார்ந்தால் தோட்டம் முழுக்கத் தெரியும். இந்த வீடே உட்கார்ந்த கண்ணுக்குத்தான்.

பயிற்சியை நீட்டிவிட்டார்கள். ஈஸ்டருக்கு வர முடியாது. வேலை நிற்க வேண்டாம்.

யேசுராஜ்

மத்திகிரி,
16-4-1968

அத்தான்,

ஈஸ்டர் பூசையில் எல்லோரும் உங்களைத்தான் விசாரித்தார்கள். திரும்பி வந்து மரவீட்டுக்குள் நின்றேன். ஜன்னல் என் முழங்காலுக்கு இருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காற்று காலில் மட்டும் பட்டது.

"ஏம்மா, உங்களால கீழ உக்கார முடியாதே. அப்புறம் இது யாருக்குக் கட்டற ஊடு?" என்று கேட்டார் கங்கப்பன்.

கிணற்றடியில் விழுந்ததிலிருந்து என் இடது கால் மடங்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரே நீங்கள்தான். எப்படி மறந்தீர்கள்? வரையும்போது அந்தப் பாயில் யாரை உட்காரவைத்துப் பார்த்தீர்கள்? நேராகச் சொல்லிவிடுங்கள். எப்போது வருகிறீர்கள் என்றும் எழுதுங்கள். அதுவரை உளியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பவுலினா

நகோயா,
30-5-1968

பவுலினா,

தவறுதான். திருத்திய படம் வைத்திருக்கிறேன். ஜன்னல் மூன்றடிக்கு ஏறுகிறது. மேற்குப் பக்கம் நாற்காலிக்கு இடம் விட்டிருக்கிறேன். அங்கே இறவாணத்தை இன்னும் ஓரடி இழுத்தால் ஆடிச் சாரல் உள்ளே வராது. இங்கே வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

யேசுராஜ்

மத்திகிரி,
9-9-1968

யேசுராஜ் அவர்களுக்கு,

உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் முறை.

வீடு முடிந்துவிட்டது. காற்று நன்றாக வருகிறது. ஆடி மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அதில் நீங்கள் கெட்டிக்காரர்தான்.

பாயில் யார், எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வருமென்று காத்திருந்தேன். போன வாரம் உங்கள் படத்தைத் திரும்ப விரித்துப் பார்த்தேன். இருவருக்கான வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் வரைந்திருக்கிறீர்கள். அன்று நன்றாக அழுதுவிட்டேன்.

நேற்று மாதா பிறந்தநாள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். யார் பெயருக்கு ஜெபிக்கட்டும் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன்.

ஊருக்கு வந்தால் அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.

பவுலினா